ஒரு விரல் அகலம்

சாயங்காலம் ஐந்து மணி இருபது நிமிடத்துக்கு வினிதா கண் விழித்தபோது, ஜன்னலின் கீழ் மூலையில் அவள் சுரண்டி வைத்திருந்த விரல் அகல ஓட்டை மூடியிருந்தது.

இருட்டிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். டைம்பீஸைத் திருப்பிப் பார்த்தாள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. இந்நேரம் அந்த ஓட்டை வழியாக ஒரு வெயில் கோடு வந்து எதிர்ச் சுவரில் விழ வேண்டும். விழவில்லை. அறையில் இருந்த ஒரே வெளிச்சம் குமுட்டி அடுப்பில் கனன்ற சவுக்குக் கரி.

எழுந்து போய்த் தொட்டுப் பார்த்தாள். குங்கிலியம். எண்ணெயில் காய்ச்சிப் படகுப் பலகைகளின் இடுக்கில் பூசும் பசை. புதிதாக இருந்தது. விரல் வைத்தால் குழிந்தது. யாரோ கட்டைவிரலால் அழுத்தி, ஓரங்களை நீவிச் சமன் செய்திருந்தார்கள். அவசரமில்லாத வேலை.

பூசியிருந்தது அறையின் உள்பக்கத்தில்.

உள்ளே அவளும் பிறந்து ஒன்பது நாளான பெண் குழந்தையும் மட்டும்தான் இருந்தார்கள்.

அது 1997, தை மாதம். குளிர் வந்து ஆறு நாள் ஆகியிருந்தது. மாமல்லபுரத்துக்கு வடக்கே, சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தக் குப்பத்தில் யாரும் அப்படி ஒரு குளிரைப் பார்த்ததில்லை. கடல் காற்று நின்றுபோய், நிலத்துப் பக்கமிருந்து ஈரமே இல்லாத ஒரு வடக்குக் காற்று இரவும் பகலும் வீசிக்கொண்டிருந்தது. தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குள் மெழுகாக உறைந்தது, நாய்கள் அடுப்புச் சாம்பலை விட்டு எழுந்திருக்கவில்லை, விடியலில் கரைக்கு வந்த ஆண்கள் விரல் மடங்காமல் வலை முடிச்சைப் பல்லால் இழுத்தார்கள், உச்சி வெயிலில் நின்றாலும் அந்த வெயில் தோலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

மூன்றாம் நாள் முதல் சாவு. வடக்குக் கோடியில் தனியாக இருந்த ஆராயி. மறுநாள் டீக்கடை சதாசிவமும் அவர் மனைவியும். இரண்டு வீட்டிலும் கதவு சாத்தியிருந்தது. இடுக்குகளில் சாக்கைச் செருகியிருந்தார்கள். நடுவில் குமுட்டி அடுப்பு, அதைச் சுற்றிப் படுக்கை. சாக்கில் இடைவெளி இருந்திருக்கிறது, அதில்தான் குளிர் நுழைந்து அடித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. மூன்று பேருக்கும் முகம் வெளுக்கவில்லை. கன்னம் சிவந்து, உதடு சிவந்து, நன்றாகத் தூங்கி எழப் போகிறவர்கள்போல் இருந்தார்கள். பொன்னி போய்ப் பார்த்துவிட்டு வந்து, கல்யாணப் பெண் கணக்காகக் கிடந்தாள் ஆராயி என்று சொன்னாள்.

பொன்னி வினிதாவின் ஓரகத்தி. கணவனின் அண்ணன் நீலமேகத்துக்கு மனைவி. நீலமேகத்துக்குத் தொழில் படகு ஓட்டை அடைப்பது. குளிரையும் அவர் தண்ணீராகத்தான் பார்த்தார். ஓட்டை இருக்கும் இடத்தில் வரும், அடைத்தால் நிற்கும். பஞ்சைத் திரித்து, ஜன்னல் இடுக்கிலும் கதவு இடுக்கிலும் உளியால் செருகி, ஜன்னலுக்கு வெளியே பலகை அடித்து, அதன் மேல் குங்கிலியம் பூசினார். முதலில் தன் வீடு. அடுத்து, பிள்ளை பெற்ற வீடு என்பதால், எதிரிலிருந்த தம்பி வீடு. அப்புறம் வந்து கேட்டவர்கள் வீடெல்லாம். எல்லாமே ஒரே அச்சில் கட்டிய தொகுப்பு வீடுகள். ஒரு அறை, ஒரு கதவு, தாழ்வாக ஒரு ஜன்னல், மேலே சிமெண்டுக் கூரை. அடைக்கச் சுலபம்.

பதினோராம் நாள் வரை தாயும் பிள்ளையும் வெளியே வரக் கூடாது. காலையில், மத்தியானம், இரவு எட்டு மணிக்கு என்று கதவு மூன்று தடவை திறக்கும். ஒவ்வொரு தடவையும் பொன்னி வெளியே தாழ் போட்டு, கதவு இடுக்கில் பஞ்சுத் திரியைத் திரும்பச் செருகிவிட்டுப் போவாள். வினிதாவின் கணவன், அரசு, காசிமேட்டிலிருந்து லாஞ்சில் மீன்பிடிக்கப் போயிருந்தான். திரும்ப இன்னும் ஒரு வாரம்.

வினிதா கதவருகே போய் நின்றாள். வெளியே சமையல் கொட்டகையில் பொன்னி சுள்ளி ஒடிக்கும் சத்தம் கேட்டது.

"அக்கா, நான் தூங்கிகினு இருந்தப்ப உள்ள வந்தியா?"

"மத்தியானம் கஞ்சி குட்த்ததோட சரி. அப்பால தாழ்ப்பாள நான் தொடல. இன்னா, கனா கண்டியா?"

"ஜன்னல் ஓட்டைய யாரு அடச்சது?"

சுள்ளி ஒடிபடும் சத்தம் நின்றது. காலடி கதவுக்குக் கிட்டே வந்தது.

"இன்னா ஓட்டை?"

வினிதா நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாய் தவறிவிட்டது.

"நீ நோண்டினியா? மாமா ரெண்டு நாளு ஒக்காந்து அடச்சத நோண்டினியா?" பொன்னியின் குரல் உயரவில்லை. "போன தபா ஜன்னல தொறந்து வச்சிகினு ஒண்ண வாரிக் குட்த்தியே. அது போதாதா உனக்கு?"

1995 ஐப்பசியில் முதல் குழந்தை. ஆண். ஐந்து நாள். அடைமழை, மூச்சு முட்டுகிறது என்று வினிதா ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாள். காலையில் குழந்தை சில்லிட்டிருந்தது. அதற்குக் காரணம் ஜன்னல்தானா என்று யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லோரும் ஜன்னலைத்தான் பார்த்தார்கள்.

காலடி திரும்பிப் போனது.

குழந்தை பாயில் கிடந்தது. வினிதா அதன் பாதத்தைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது. கன்னத்தைத் தட்டினாள். வாய் லேசாகச் சப்பியது, நின்றது. மத்தியானத்திலிருந்து அது அழவில்லை. நல்ல பிள்ளை, தொந்தரவு செய்யாமல் தூங்குகிறது என்று பொன்னி சொல்லியிருந்தாள்.

நேற்றுக் காலை திருப்போரூரிலிருந்து நர்ஸ் ஞானம்மாள் வந்திருந்தாள். மொபெட்டில் வந்து, காதைச் சுற்றி மப்ளரோடு, வாசலிலேயே நின்று திட்டினாள். வானத்தில் பொட்டு மேகம் இல்லை பார், மேகம்தான் மண்ணுக்குப் போர்வை, அது இல்லாததால் பகலில் வாங்கிய சூடெல்லாம் ராத்திரி மேலே ஓடிவிடுகிறது. வடக்கே பனி மலைப் பக்கத்துக் காற்று தடுப்பார் இல்லாமல் இங்கே வரை இறங்கி வருகிறது. இது பேயும் இல்லை, தெய்வக் குற்றமும் இல்லை என்றாள். ஈரத் துணியோடு யாரும் உட்காரக் கூடாது. சாராயம் குடித்தால் சூடு என்பது பொய், உள்ளே இருக்கிற சூட்டை அது வெளியே கொட்டிவிடும். பச்சைக் குழந்தைக்கு நடுங்கத் தெரியாது, அழாமல் சோர்ந்து கிடந்தால் அதுதான் ஆபத்து. அதைத் துணி போடாமல் தாயின் மார்போடு தோலோடு தோலாக வைத்து, தலைக்குக் குல்லா போட்டு, மேலே போர்வையைச் சுற்று. எல்லாம் சொல்லிவிட்டுக் குமுட்டி அடுப்பைக் காட்டினாள். இதை வைத்தால் ஜன்னலைத் திற. ஜன்னலை மூடினால் இதை வெளியே வை. கரிக் காற்றுக்கு வாசனை கிடையாது. ஆராயி குளிரில் சாகவில்லை.

அத்தனைக்கும் பொன்னி தலையாட்டினாள். ஞானம்மாள் வண்டியைக் கிளப்பும் முன் வினிதாவை மட்டும் பார்த்துச் சொன்னாள்.

"நடுக்கம் வந்தா நல்லது, ஒடம்பு சண்ட போடுதுன்னு அர்த்தம். குளுருக்கு பயப்படு. ஆனா திடீர்னு கதகதன்னு சொகமா கீதுன்னு தோணிச்சின்னா, அதுக்கு இன்னும் பயப்படு."

அவள் போனதும் பொன்னி கதவைச் சாத்தினாள். கடல் ஓரத்தில் ஒரு ராத்திரி படுக்காதவளுக்கு என்ன தெரியும் என்றாள். அன்றிரவுதான் வினிதா, காவலுக்கு என்று தலைமாட்டில் வைத்திருந்த அரிவாளை எடுத்து ஜன்னல் மூலையைச் சுரண்டினாள். உள்ளே பஞ்சு, அதற்கப்பால் பலகையின் விளிம்பு. கம்பிகளுக்கு நடுவே கையை விட்டு, பலகையின் ஓரத்தைச் செதுக்கி, ஒரு விரல் போகும் அளவு. அதில் மூக்கை வைத்து உறிஞ்சினாள். மண்டைவலி குறைந்தது.

இப்போது மண்டைவலி திரும்ப வந்திருந்தது. இரண்டு பொட்டிலும் யாரோ பெருவிரலை வைத்து மெதுவாக அழுத்துவதுபோல் இருந்தது.

அரிவாளை எடுத்தாள். குங்கிலியம் நூலாக இழுபட்டு வந்தது. ஐந்து நிமிடத்தில் ஓட்டை திறந்தது. வெயில் கோடு உள்ளே வந்து சுவரில் சிவப்பாக விழுந்தது. கூடவே காற்றும் வந்தது, ஊசி முனையாக.

ரவிக்கையை அவிழ்த்து, குழந்தையின் துணியை அவிழ்த்து, மார்போடு சேர்த்து, புடவையால் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டாள். குழந்தையின் வயிறு அவள் வயிற்றில் ஈரமான கூழாங்கல்போல் ஒட்டியது. மத்தியானக் கஞ்சி பாதி மிச்சம் இருந்தது. அதை எடுத்து வந்து குமுட்டி அடுப்பின் மேல் ஊற்றினாள். கரி சீறியது. சாம்பல் எழுந்து முகத்தில் படிந்தது. சோறு கருகும் வாசனை. கங்குகள் ஒவ்வொன்றாகக் கண்ணை மூடின.

இனி குளிர் ஒன்றுதான். குளிரோடு சண்டை போடலாம். அது எங்கே இருக்கிறது என்று தெரியும்.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். சிமெண்டுத் தரையின் குளிர் பாய் வழியாக, கம்பளி வழியாக, தொடை எலும்புக்குள் ஏறியது. பல் கிட்டியது. தோள் குலுங்கியது. குலுங்கட்டும் என்று விட்டாள். வெளியே பொன்னி தன் வீட்டுப் பக்கம் பார்த்து மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அல்லிக்கு எட்டு வயது, நேற்றிலிருந்து இருமல், அவளையும் அடைத்த வீட்டுக்குள்தான் படுக்க வைத்திருந்தாள். அப்புறம் கடல். அப்புறம் சவுக்குத் தோப்பின் இரைச்சல், ஒரே சீராக, யாரோ நீளமாக மூச்சை விட்டுக்கொண்டே இருந்து, உள்ளே இழுக்க மறந்துவிட்டதுபோல. சுவரில் இருந்த சிவப்புக் கோடு மேலே ஏறி, மெலிந்து, போனது.

இருட்டில் உட்கார்ந்து நடுக்கத்தை எண்ணினாள். நாற்பது. ஐம்பது. எண்பதில் எண்ணிக்கை தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

எப்போது நின்றது என்று தெரியவில்லை.

தோள் குலுங்கவில்லை. பல் கிட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த சுவர் இளஞ்சூடாக இருந்தது. யாரோ நெருங்கி உட்கார்ந்து முதுகோடு முதுகைச் சாய்த்துக்கொண்டதுபோல. கம்பளி அதிகம் என்று தோன்றியது. கழற்றினாள். நன்றாக இருந்தது. தட்டிக்கொடுப்பதுபோல் ஏதோ, மெதுவாக, விட்டுவிட்டு. பிரசவத்துக்குப் பின் யாரும் அவளை அப்படித் தொட்டதில்லை. போதும், படு. நீ ஒருத்தியே எத்தனை நாள் முழித்திருப்பாய். குரல் இல்லை. ஆனால் சொல்லப்பட்டது. ஓட்டை வழியாக வரும் அந்த ஊசிக் காற்று மட்டும் காலில் குத்திக்கொண்டிருந்தது. அதை மட்டும் மூடிவிட்டால்.

அதை மட்டும்.

டைம்பீஸ் ஆறு நாற்பது காட்டியது. முள்ளைப் படிக்க முடிந்தது. வெளிச்சம் இருந்தது.

குமுட்டி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வாய் வரை கரி. எல்லாம் கனிந்த கங்கு. மேலே ஈரத்தின் தடம்கூட இல்லை. பக்கத்தில் கஞ்சிப் பாத்திரம் காலியாகக் கவிழ்ந்திருந்தது.

குழந்தை மார்பில் இல்லை. அடுப்பை ஒட்டி, துணியில் இறுக்கிச் சுற்றி, முகத்தையும் மூடிப் படுக்க வைத்திருந்தது.

பாய்ந்து எடுக்கப் பார்த்தாள். எழ முடியவில்லை. தவழ்ந்து போய் எடுத்தாள். துணியை விலக்கினாள். கன்னம் சிவந்திருந்தது. உதடு சிவந்திருந்தது. கல்யாணப் பெண் கணக்காக. மூக்கின் கீழ் புறங்கையை வைத்தாள். காத்திருந்தாள். மிகச் சின்னதாக ஒரு மூச்சு.

ஜன்னலைப் பார்த்தாள். மூடியிருந்தது. முன்பைவிடக் கெட்டியாக.

கங்கு வெளிச்சத்தில் தன் கையைப் பார்த்தாள். நகக் கண்களில் குங்கிலியம். கட்டைவிரல் ரேகை முழுக்கக் குங்கிலியம். அடுப்பு ஓரத்தில் கொட்டாங்குச்சி. நீலமேகம் பஞ்சு செருக உள்ளே வந்தபோது மறந்து வைத்துப்போன மிச்சப் பசை, சூட்டில் இளகி, விரல் தோண்டிய குழிகளோடு.

நான்தான்.

அந்த நினைப்பு அவளுக்கு ஒரு ஆறுதலாகவே வந்தது. வேறு யாரும் இல்லை. உள்ளே யாரும் வரவில்லை. கரிக் காற்று மண்டைக்குள் ஏறி அவள் கையை எடுத்து வேலை செய்திருக்கிறது. நனைந்த கரி எப்படித் திரும்ப மூண்டது என்பதை யோசிக்க நேரமில்லை. கை அவளுடையது. அவளுடைய கை அவள் சொல்வதைக் கேட்கும்.

கேட்க வைப்பாள்.

குழந்தையை மார்பில் வைத்துப் புடவையால் கட்டினாள். முடிச்சு மேல் முடிச்சு. இனி இந்தக் கையே நினைத்தாலும் சீக்கிரம் அவிழ்க்கக் கூடாது. கதவுக்குத் தவழ்ந்தாள். இரண்டு உள்ளங்கையாலும் அறைந்தாள்.

"அக்கா, கதவத் தொற."

"எட்டு மணிக்கு வரேன். படு."

"புள்ள செவந்து போச்சு. தொற."

"செவப்பா இருந்தா நல்லது தான, சூடு ஏறிகீது." பொன்னி கெஞ்சினாள். அவள் கெஞ்சி வினிதா கேட்டதில்லை. "இந்தப் புள்ளயாவது பொழைக்கட்டும்டி. உன் கையக் காலா நெனச்சிக் கேக்கறேன். ரெண்டு நாளு பொறுத்துக்கோ."

அவள் பொய் சொல்லவில்லை. பயந்திருந்தாள். அதனால்தான் திறக்க மாட்டாள்.

"நீ தொறக்காட்டி நான் ஒடைப்பேன்," என்றாள் வினிதா. "போன தபா செத்ததுக்கு ஜன்னல் காரணம்னீங்க. நானும் ஆமான்னு வாய மூடிகினு இருந்தேன். இந்த தபா இருக்க மாட்டேன்."

அரிவாள். திருப்பிப் பிடித்தாள். பின்பக்கம் முன்னால். கம்பிகளுக்கு நடுவே பலகையில் ஓங்கி அடித்தாள். கை வழுக்கியது. மறுபடி. சத்தம் மண்டைக்குள் வெடித்தது. பின்னால் அடுப்பில் கரி ஒன்று உடைந்தது. கதகதப்பு முதுகில் வந்து படிந்தது. நெருங்கி. இன்னும் நெருங்கி. போதும் என்றது.

"போதாது," என்று சத்தமாகச் சொன்னாள்.

அடி. கை மரத்தது. அடி. அரிவாளை மாற்றிப் பிடித்தாள். கண் இருண்டது. காதில் இரைச்சல். தரையில் மல்லாந்து படுத்தாள். இரண்டு காலையும் தூக்கினாள். கம்பிகளுக்கு நடுவே குதிகால். பலகையில் வைத்து உதைத்தாள். பிரசவத் தையல் கிழிந்தது. தெரிந்தது. உதைத்தாள். ஆணி முனகியது.

உதைத்தாள்.

பலகை போனது.

காற்று உள்ளே வரவில்லை, கொட்டியது. உடைந்த படகில் கடல் கொட்டுவதுபோல. அவள் கம்பியில் முகத்தை அழுத்தி அதைக் குடித்தாள். தொண்டை எரிந்தது. வாந்தி வந்தது. எடுத்தாள். மறுபடி குடித்தாள். மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் தோப்பின் தலையைத் தடவிக்கொண்டு போய், சுற்றி, திரும்ப வந்தது. அது மூன்றாம் முறை வந்தபோது மார்புக்குள் ஏதோ உதைத்தது. ஒரு கோபமான, கிழிந்த, மெல்லிய சத்தம்.

குழந்தை அழுதது.

கதவு திறந்தது. நீலமேகம் அரிக்கேன் விளக்கோடு நின்றார். பின்னால் பொன்னி. அவள் முதலில் உடைந்த ஜன்னலைப் பார்த்தாள். பிறகு தரையில் இருந்த ரத்தத்தை. திட்ட வாயைத் திறந்தவள் குழந்தை அழுவதைக் கேட்டு அப்படியே நின்றாள். ஆறு நாளாக அந்தக் குழந்தை அப்படிக் குரல் விட்டு அழுது அவள் கேட்டதில்லை.

வினிதா சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மண் பாதத்தைச் சுட்டது, அத்தனை குளிர். தோள் குலுங்க ஆரம்பித்தது. நல்லது. சாய்ந்து நின்று, மூச்சு வாங்கி, நீலமேகத்திடம் கேட்டாள், எத்தனை வீடு அடைத்தீர்கள் என்று.

அவர் விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கணக்குப் பார்த்தார். பதினொன்று. எல்லா வீட்டிலும் கரி மூட்டச் சொன்னதும் அவர்தான். சொல்லிவிட்டுத் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாத்தையும் தொறங்க மாமா," என்றாள் வினிதா. "உங்க வூட்ல ஆரம்பிங்க."

பொன்னிக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் எதிர் வீட்டைப் பார்த்தாள். அல்லியை நாலரைக்குப் படுக்க வைத்தது. இருமுகிறாளே என்று ஒன்றுக்கு இரண்டு அடுப்பு வைத்தது. சாயங்காலம் கூப்பிட்டதற்குப் பதில் வரவில்லை, தூங்குகிறாள் என்று விட்டது. இதையெல்லாம் ஓடிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோல் சொன்னாள்.

பத்து எட்டு வைக்கும் தூரம். நீலமேகம் தாழை இழுத்தார். கதவு அசையவில்லை. தோளால் இடித்தார். பொன்னி இடுக்கில் செருகியிருந்த பஞ்சுத் திரியை உருவி எறிந்தாள். அப்போதும் அசையவில்லை. அவர் விளக்கை இடுக்கில் பிடித்தார். பஞ்சு இருந்த இடத்துக்கு அப்பால், மேலிருந்து கீழ் வரை, ஒரு நூல் இடைவெளி விடாமல், குங்கிலியம்.

"உள்பக்கம் நான் பூசவே இல்லயே," என்றார்.

அவர் உளியை வைத்து அடித்தார். முழங்கால் உயரத்தில், கதவுக்கும் நிலைக்கும் நடுவில், குங்கிலியம் பெயர்ந்து ஒரு ஓட்டை விழுந்தது. விரல் அகலம். உள்ளே இருந்து சிவப்பு வெளிச்சம் வந்தது. கடப்பாரை எடுத்துவரக் கரைப் பக்கம் ஓடினார். பொன்னி கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு மகளைக் கூப்பிட்டாள். ஒரு தடவை. இன்னொரு தடவை.

வினிதா மண்டியிட்டாள். ஓட்டையில் கண்ணை வைத்தாள்.

சூடான காற்று கண்ணில் பட்டது. இரண்டு அடுப்பு. இரண்டிலும் கங்கு. நடுவில் பாய். பாயில் அல்லி, ஒருக்களித்து, கதவைப் பார்த்து. இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்குக் கீழே வைத்திருந்தாள். கன்னம் நல்ல சிவப்பு. கண் பாதி திறந்திருந்தது.

அசையவில்லை.

ஓட்டை இருண்டது.

வினிதா தலையைப் பின்னால் இழுத்தாள். உள்ளிருந்து, பக்கவாட்டிலிருந்து, ஒரு விரல் வந்து ஓட்டையின் ஓரத்தில் நின்றது. சின்ன விரல்தான். சிவந்திருந்தது. நுனியில் குங்கிலியம். அது விளிம்பில் பசையை வைத்து அழுத்தியது. நீவியது. கொஞ்சம் எடுத்து வந்து மறுபடி வைத்தது. அவசரம் இல்லை.

ஓட்டையை மூட விடாமல் அவள் தன் ஆள்காட்டி விரலை உள்ளே விட்டாள்.

உள்ளே இருந்தது நின்றது. பிறகு அவள் விரலைச் சுற்றி நீவ ஆரம்பித்தது. கதகதப்பாக இருந்தது. நகத்தைச் சுற்றி. கணுவைச் சுற்றி. தட்டிக்கொடுப்பதுபோல், மெதுவாக, விட்டுவிட்டு. அந்தத் தொடுகையை அவளுக்குத் தெரியும். ஆறு மணிக்கு அது அவள் முதுகில் இருந்தது.

வினிதா பல்லைக் கடித்தாள். விரலை எடுக்கவில்லை. இன்னும் உள்ளே தள்ளினாள். மார்பில் குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அழட்டும். கடற்கரையிலிருந்து நீலமேகம் ஓடி வரும் சத்தம் தூரத்தில் கேட்டது.

பொன்னி விளக்கோடு பக்கத்தில் குனிந்தாள். ஓட்டைக்குள், வினிதாவின் விரலை ஒட்டி, அந்தச் சின்னச் சிவப்பு விரல் அசைவதைப் பார்த்தாள். அவள் முகம் விரிந்தது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வினிதாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"அது என் அல்லி வெரலு தான? எழுந்து வந்துகீறா பாரு. சொல்லு வினிதா, அவ தான?"